அண்டாவில் வெந்த ஊமைப்படம்

“என் மூஞ்சியையாடா அண்டாவுல போட்டு அவிச்சே, கோதண்டம்?” என்று செண்பகவல்லி போட்ட சத்தத்தில், வடகம் காயவைக்கிற சாக்கில், பக்கத்து வீட்டுக்காரி நான், எட்டிப்பார்க்க எங்கள் மாடிக்கு ஏறிவிட்டேன். அவள் நாயகியாக நடித்தது ஒரே ஒரு ஊமைப்படம். அதற்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதியை, சுருளில் பூசியிருக்கிற வெள்ளிக்காக அவள் தம்பி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான். படச்சுருள் கொழகொழத்து, கறுப்பு நுரை கட்டி, செத்த எலியாய் நாறியது.

“சம்பந்திங்க கண்ணுல இது படக்கூடாதுக்கா. பாப்பா கல்யாணத்துக்குக் கொலுசுமாச்சு” என்று நுரையை வழித்தான்.

அக்காவைச் சொல்ல வெட்கம், அவள் வெள்ளி மட்டும் இனிக்கிறது.

தை மாதம் அவன் மகள் பாப்பா அந்தக் கொலுசோடு மன்னார்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். நல்ல சத்தமென்று மாமியாருக்கு ஏகப் பெருமையாம். செண்பகவல்லி அதற்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டாள்.