கம்பத்துக்குக் கிட்ட

குழி போதாது என்று புருஷன் ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னான்.

அவள் மறுபடியும் கடப்பாரையை எடுத்தாள்.

கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டுமாம். ஒன்பதடி இரும்புக் குழாய்க்கு ஒன்றரை அடி. பதினாறு வருடம் லைன்மேனாக இருந்தவன் சொல்கிறான், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் உச்சியில் உட்காரப் போவது ஒரு சிட்டுக்குருவிக் கூடு. மில்லில் கழித்துப் போட்ட பலகையில் செய்த சின்னப் பெட்டி. அதற்குப் போய் உயரழுத்தக் கம்பத்துக்குச் செய்கிற மரியாதையெல்லாம் செய்யச் சொன்னான். ஜல்லி போட்டு இடிக்கச் சொன்னான். சிமெண்ட் கலவை ஊற்றச் சொன்னான். பூனை ஏறாமலிருக்க இடுப்புயரத்தில் முள்கம்பி சுற்றச் சொன்னான்.

முள் கிழித்த விரலைச் சூப்பிக்கொண்டே சுற்றினாள்.

முகம் கோணவில்லை. மின்கம்பத்திலிருந்து விழுந்த இந்தப் பதினோரு மாதத்தில் அவன் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

கால் இரண்டும் விளங்காமல் போய்விட்டன. இடது கையும் போயிற்று. வலது கையில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அது தேறி வருகிறது என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். நம்பாதவர்களுக்கு டம்ளரைத் தூக்கிக் குடித்துக் காட்டுவான். அரை டம்ளர்தான் ஊற்றியிருப்பாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டாள். படுத்தபடி பார்த்தால் கூடும் கம்பத்தின் மேல்பாதியும் தெரிந்தன. தரை தெரியவில்லை.

இது போதும் என்றான்.

பத்தாம் நாள் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது.

அதன் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவள் மில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவான். பெண்குருவி இன்றைக்கு எத்தனை நடை போயிற்று, ஆண் எப்பேர்ப்பட்ட சோம்பேறி, எல்லாம் சொல்லியாக வேண்டும். மூன்று குஞ்சு. மூன்றுக்கும் தன்னோடு வேலை பார்த்தவர்களின் பெயரை வைத்திருந்தான். அழகர், காளிராஜ், பால்ச்சாமி. துளைக்கு வெளியே தலையை நீட்டத் தொடங்கியிருந்தன. இன்னும் மூன்று நாளில் பறந்துவிடும் என்று நாள் குறித்திருந்தான்.

அன்று பத்தரை மணி டீ நேரத்தில் வழக்கம்போலப் போன் போட்டாள்.

மணியே அடிக்கவில்லை.

பன்னிரண்டு வரை மெஷின் முன்னால் நின்றாள். எப்படி நின்றாள் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடி வந்தாள். ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

கேட்டைத் திறந்ததும் கூடு தெரிந்தது. துளையில் ஒரே ஒரு தலை.

எதிரே மின்கம்பியில் காக்கா உட்கார்ந்திருந்தது. கிளம்புகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

முள்கம்பி சுற்றியது சுற்றியபடியே இருந்தது.

அப்புறம்தான் ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள்.

டி.வி. ரிமோட். மாத்திரை டப்பா. சீப்பு. தண்ணீர் பாட்டில். டம்ளர். பின்பக்கம் கழன்ற போன்.

எல்லாம் சுவரை ஒட்டியே கிடந்தன. ஒன்றுகூட ஒரு முழம் தாண்டியிருக்கவில்லை.

கம்பம் பதினைந்தடி தள்ளி நின்றது.

ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. முதலில் அழகரைத் தூக்கிக்கொண்டு போயிற்று என்றான். அரை மணி கழித்துக் காளிராஜுக்கு வந்தது என்றான். பிள்ளைகளைச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

கூட்டை இடம் மாற்றினால் தாய் வராது. அக்கம்பக்கத்தில் பகலில் ஆள் இருக்காது, எல்லாரும் மில்லுக்குப் போகிறவர்கள். இருந்த லீவையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்தாயிற்று.

சோறு பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றான்.

பால்ச்சாமி வெளியே கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

எறிந்ததெல்லாம் எங்கே போய் விழுந்ததென்று தெரியவில்லை என்றான். காக்காவின் மேலேயே கண்ணாக இருந்தானாம். சொல்லிவிட்டுத் தலையை மெல்ல அவள் பக்கம் திருப்பினான்.

"எங்கன கெடந்துச்சு, மாரீஸ்வரி?"

அவள் ரிமோட்டின் மண்ணை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"கம்பத்துக்குக் கிட்டத்தாங்க. டம்ளரு அதையும் தாண்டிக் கெடந்துச்சு."

அவன் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தான். புறங்கையைப் பார்த்தான். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். பதினோரு மாதமாக அவள் காணாத முகம் அது.

"அப்ப குறிதான் தப்பிருக்கு" என்றான். "போறதுக்குள்ள கொஞ்சம் கல்லு பொறுக்கிக் குடுத்துட்டுப் போ."

மணி பன்னிரண்டே முக்கால்.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். காக்கா இருந்த இடத்திலேயே இருந்தது. கையை ஓங்கினாள். இரண்டடி நகர்ந்து உட்கார்ந்தது.

நல்ல பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கு என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சரி என்றாள்.

புளியங்கொட்டைக்கு மேல் பெரிதாக இருந்த ஒன்றையும் அவள் எடுக்கவில்லை.