பற்பசை தேய்த்த டாலர்

பால்டிமோர் நாணயச் சந்தையில், மேசை விளக்கின் கீழ், அந்த வெள்ளி டாலர் நேற்று வாங்கிய கரண்டி போல் மின்னுகிறது. வியாபாரி அதைச் சாய்த்துப் பார்க்கிறார். 1795 என்ற ஆண்டின் மேலும், அதில் பொறித்த கூந்தல் விரித்த பெண்ணின் கன்னத்திலும் மயிரிழைக் கீறல்கள் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. "யாரு தேய்ச்சது?" என்கிறார். அதை விற்கக் கொண்டுவந்த வெர்னா, கூட வந்த தம்பியைத் திரும்பிப் பார்க்கிறாள். "நான்தான்க்கா. பல் விளக்குற பேஸ்ட்டு போட்டேன். கன்னங்கரேல்னு கிடந்துச்சு, அப்படியேவா கொண்டாந்து காட்டுறது?" என்கிறான் கிளைட், பாராட்டை எதிர்பார்க்கிறவன் போல. "அந்தக் கறுப்புக்குத்தான்டா ஆளுங்க அலையுறாங்க. இருநூறு வருஷமா ஏறின நிறம்டா அது." அவள் குரலை உயர்த்தவில்லை, ஆனாலும் பக்கத்து மேசையில் பேச்சு நின்றுபோகிறது. அப்பா சாகும்வரை அந்த நாணயத்தை, முகத்தில் விரல் பட்டால் கறை படியும் என்று, விளிம்பில்தான் பிடித்தார். ஏழு வயதில் அதன் முகத்தைத் தொட்டதற்கு அவரிடம் வாங்கிய அறை அவள் காதில் இன்னும் இரைகிறது. "தேய்ச்ச காசை நான் எடுக்கிறதில்லம்மா" என்று வியாபாரி நாணயத்தை அடியில் விரித்த துணியோடு அவள் பக்கம் தள்ளுகிறார். "ஏன், நல்லாத்தானே மின்னுது" என்று கிளைட் கை நீட்டுகிறான். வெர்னா அந்தக் கையைத் தட்டிவிட்டு நாணயத்தை எடுக்கிறாள். பழக்கத்தில் விளிம்பைத்தான் பிடிக்கிறாள். பிறகு தன் விரல்களையே முறைத்துவிட்டு, கட்டை விரலை அந்த முகத்தின் மேல் வைத்து, நகம் வெளுக்க அழுத்துகிறாள்.