முதலில் தண்ணீர்

உலக இலக்கிய வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம்: ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது.

அப்போதுதான் நாவலாசிரியர் ஒரு விதைக் கிடங்கில், மூட்டை நிறுக்கும் தராசின்மேல் ஏறி நின்றார்.

அந்தச் சிற்றூரின் இலக்கிய விழாவில் மேடை என்று இருந்தது அது ஒன்றுதான். முள் ஆடி அசைந்து எண்பத்து மூன்றில் நின்றது. இலக்கியத்தில் தன் எடை என்ன என்று இருபது வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு ஊரறிய ஒரு பதில் கிடைத்தது.

எதிரே விதை மூட்டைகளின்மேல் நாற்பது பேர். நாற்பது மடியிலும் அவருடைய நாவல். அட்டை நைந்து, ஓரம் கறுத்து, பஸ் டிக்கெட்டும் தலைமுடி ஊக்கும் அடையாளமாகச் செருகப்பட்டு.

அவர் மறுபடி ஒருமுறை எண்ணிப்பார்த்தார்.

நாவல் வந்து ஆறு வருடம். முந்நூற்று எண்பத்து நாலு பக்கம். அதைக் கடைசிவரை படித்த ஓர் ஆளை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. மனைவி வைத்த அடையாளச் சீட்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. உயிர் நண்பர் எழுதிய மதிப்புரை பின்னட்டையைத் தாண்டவில்லை.

கடைசிப் பதினாறு பக்கத்துக்கு மட்டும் அவர் நாலு வருடம் உழைத்திருந்தார். எல்லாவற்றையும் இழந்த நாயகன் கடலைப் பார்த்து நிற்கிறான். நிற்கிறான். நின்றுகொண்டே இருக்கிறான்.

யாராவது ஒருத்தர் அதுவரை வந்து சேர்ந்திருந்தால் போதும் என்றுதான் மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

வந்து இறங்கியதிலிருந்து ஊர் அவரைத் தாங்கியது. எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் “மொதல்ல தண்ணி” என்று ஒரு டம்ளரை நீட்டிவிட்டு, எதையோ எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தார்கள். ஒன்பது டம்ளர் ஆயிற்று. நல்ல மனிதர்கள், உபசாரம்தான் கொஞ்சம் தூக்கல் என்று நினைத்துக்கொண்டார்.

புத்தகக் கட்டைத் தருவித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் தபால்காரம்மா. விழாவும் அவருடையதுதான். முன்வரிசையில் இருந்த வெல்டிங் பட்டறைக்காரரை அவர் காலையிலேயே காட்டியிருந்தார். மனைவி போனபிறகு இரண்டு மாதம் கதவே திறக்காத மனுஷர். நாவலை முடித்த மறுநாள் தானாகக் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாராம்.

கேள்விகள் வந்தன. ஏழாம் அத்தியாயத்தில் இடது காது செவிடாக இருக்கும் மாமனார் இருபதாம் அத்தியாயத்தில் அதே காதில் ரகசியம் கேட்கிறாரே, நடிக்கிறாரா?

நாவலாசிரியருக்கு வியர்த்தது. பதிப்பாசிரியர் கண்ணிலேயே படாத ஓட்டை அது.

“நடிக்கிறார்” என்றார்.

“நான் சொல்லல?” என்று ஒரு மூட்டை இன்னொரு மூட்டையை இடித்தது.

இப்படியும் படிப்பார்களா? தலைநகரத்து விழாக்களில் மாலைக்கும் மைக்குக்கும் நடுவே தான் தொலைத்த பத்து வருடத்தை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது தையற்கார அக்கா எழுந்தார்.

“முந்நூத்து அறுபத்தெட்டுக்கு அப்புறம் பக்க நம்பர் முப்பத்துமூணுக்குத் திரும்பிப் போகுதே சார், அவன் வாழ்க்கையை மறுபடி ஆரம்பிக்கறான்னுதானே அப்படி வெச்சீங்க?”

கிடங்கே தலையாட்டியது. நாவலாசிரியர் விழித்தார். தபால்காரம்மா தன் பிரதியை அவர் கையில் திணித்து, அந்த முடிவை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

அவர் முந்நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டினார்.

கடலைக் காணோம்.

‘கூட்டை மெதுவாகத் திற. முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. ஒதுங்கி நிற்கும் குஞ்சை மற்றவை கொத்தும். அதைத் தனியே எடுத்து விளக்கருகே வை. தானாகத் தலைதூக்கும்வரை காத்திரு.’

பைண்டிங்கில் எந்தப் புண்ணியவானோ வேறொரு புத்தகத்தின் பதினாறு பக்கக் கட்டை எடுத்து இதில் சேர்த்துத் தைத்திருக்கிறான். ஏதோ கோழி வளர்ப்புக் கையேடு. நாற்பது பிரதியிலும் இதே கதை.

ஒன்பது டம்ளரின் அர்த்தமும் இப்போது விளங்கியது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முன்வரிசையில் பட்டறைக்காரரின் உதடுகள் அதற்குள் அசையத் தொடங்கியிருந்தன. கூட்டை மெதுவாகத் திற.

அவர் படித்தார். நாற்பது வாயும் சத்தமில்லாமல் கூடவே படித்தன. ‘காத்திரு’ என்ற இடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. பொறாமையைக் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தால், கடலைவிட நல்ல முடிவு.

கைதட்டலில் மூட்டைகளிலிருந்து தூசி பறந்தது.

அவர் தராசைவிட்டு இறங்கவும், அது காலியாகட்டும் என்று வெளியே மூட்டையோடு காத்திருந்த கோழிப்பண்ணைக்காரர் உள்ளே வந்தார். அவருக்கும் விழாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“புஸ்தகம் எழுதறவர்னாங்க, உங்களுக்குத் தெரியும். கோழி வளக்கறதப் பத்தி ஒண்ணு வாங்கினேன் சார். முப்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் தங்கம். அடுத்த பக்கத்துல ஒருத்தன் கடலைப் பாத்து நிக்கறான். நின்னுக்கிட்டே இருக்கான். அது கோழிக்கு என்ன சீக்கு?”

நாவலாசிரியர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கடைசிவரைக்கும் படிச்சீங்களா?”

“ரெண்டு வரி சார். அப்புறம் கிழிச்சுக் குஞ்சுகளுக்கு அடியில விரிச்சுட்டேன். நல்லா உறிஞ்சுது.”

அந்த முடிவுக்கு இதுவரை வந்திருக்கும் விமர்சனம் அது ஒன்றுதான்.