டிஸ்க்தான் வேணும்

"டவுன்லோடு பண்ணிக்கங்க சார், அஞ்சே நிமிஷத்துல வந்துடும். இந்த கேமை டிஸ்க்கா யாரு வாங்குறா இப்ப?" என்றார் கடைக்காரர்.

"டிஸ்க்தான் வேணும்," என்று ஒற்றைக்காலில் நின்றார் லிஃப்ட் மெக்கானிக்.

ஞாயிறு முழுக்க மகனோடு விளையாடித் தீர்த்தார். ஆறு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டதும் பையன் கேம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஏழு மணிக்குப் போன்.

"அப்பா, டப்பா காலியா இருக்கு!"

"அடடா! டிஸ்க் மெஷினுக்குள்ளயே இருந்துடுச்சுடா. நாளைக்கு வந்து எடுத்துக்க."

டிஸ்க் அவர் மடியில் இருந்தது. கோர்ட் கொடுத்தது மாசத்துக்கு ஒரே ஞாயிறு. இன்னொரு நாளை இது இழுத்துவரும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார்.

"வேணாம்ப்பா. அம்மா டவுன்லோடு போட்டுட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல வந்துடுமாம்."