வாசலில் வேப்பிலை

சென்னம்மா வேப்பிலைக் கொத்தை நிலைக்கு மேலே செருகிவிட்டுத் திரும்பினாள். தெருமுனையில் கூட்டம் வந்துகொண்டிருந்தது.

முன்னால் தலையாரி சென்றாயன், கையில் கடப்பாரையோடு. சென்னம்மாவின் புருஷன் எல்லப்பன் லாரி கிளீனர். ஓசூரைத் தாண்டி மைசூர்ச் சீமைக்குப் போய்வருகிறவன். அங்கே சாராயம் கடையிலேயே விற்றது. இங்கே மதுவிலக்கு.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் சாராயம் சிக்கியதும், போலீஸ் அந்தத் தெருவையே அடித்து நொறுக்கியதாகப் பேச்சு. அதற்கு இடம் கொடுக்காமல் நாமே தேடி ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை. ஒரு சொட்டு கிடைத்தாலும் சென்னம்மாவுக்கு ஜெயில்தான்.

சோதனை போட வேண்டும், கதவைத் திற என்றான் சென்றாயன்.

அவள் வாசலை மறித்து நின்றாள். “வேணாண்ணா. அம்மா வந்திருக்குறா.”

கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. வைசூரியைப் பெயர் சொல்லிப் பேச அந்தத் தெருவில் யாருக்கும் துணிவில்லை. அம்மா என்றுதான் சொல்வார்கள். பின்னால் நின்றவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்த வீட்டு வெங்கடம்மாள் மட்டும் நகரவில்லை. “பெரியம்மாவா, சின்னம்மாவா?”

“அம்மாதாங்க்கா.”

“எப்ப வந்தா?”

“நேத்து சாயந்தரம்.”

“உடம்பு சுடுதா?”

“இந்த வெயில்ல வந்தா சுடாம இருக்குமா?”

சென்றாயனுக்குச் சந்தேகம் தீரவில்லை. “உம் புருஷன் வெளியூரு. புள்ளையும் இல்ல. உள்ள யாரு?”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. பிறந்த வீட்டு ஆள் என்றாள் சென்னம்மா.

“அப்படின்னா சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு” என்றான் சென்றாயன்.

வெங்கடம்மாள் சூடம் கொண்டுவந்து வாசல்படியில் ஏற்றினாள். சென்னம்மா உள்ளங்கையால் சுடரை அமுக்கினாள்.

“எங்கம்மா வந்திருக்குறா. உள்ளதான் இருக்குறா. பொய்யின்னா மாரி எங்கண்ணப் பறிச்சுக்கட்டும்.”

மாரியின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் நெஞ்சு வராது. சென்றாயன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கதவை உடை என்று கத்தியவர்களே கூழும் மோரும் எடுத்துவர ஓடினார்கள். வெங்கடம்மாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். போலீஸே வந்தாலும் தெருவுக்குள் விடக் கூடாது, அம்மாவுக்கு ஆகாது என்றார் ஒருவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

தெரு காலியானது. சென்னம்மா உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

“எந்திரிம்மா. சாராயம் ரொப்புன லாரி ட்யூப் மேல எத்தன நேரந்தான் உக்காந்திருப்ப?”