ஸ்டேஷனில் இடமில்லை

“இன்னும் தள்ளி உட்காரு, இன்னும் தள்ளி உட்காரு” என்று போலீஸ்காரர் கழியால் வேனின் கதவைத் தட்டினார்.

“ஏற்கெனவே மடியிலதான் சார் உட்கார்ந்திருக்கேன். இதுக்கு மேல தள்ளினா எங்க அண்ணி வயித்துக்குள்ளதான் போகணும்” என்றாள் நாத்தனார்.

வேன் குலுங்கச் சிரித்தது. அந்த அண்ணி, பள்ளிக்கூடத்து ஆயா, மட்டும் சிரிக்கவில்லை.

ஆயா என்பது இப்போது பேருக்குத்தான். குடிசைகளை இடிக்க விடாமல் சனங்கள் மறித்தபோது, போலீஸ் வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியது. போகும்போது பூட்டிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைகள் சாக்கடை ஓரமாய்ச் சுற்றித் திரிந்தார்கள்.

திறந்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். ரோட்டில் உட்கார்ந்தார்கள். வாங்கின அடியில் நாத்தனாருக்கு இன்னும் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க வராது.

இன்று மறுபடியும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் வேன்.

ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது.

“உள்ள நிக்கக்கூட இடமில்ல சார். பின்னால இன்னும் வண்டி வருது” என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவர். இவர்கள் எதற்காக உட்கார்ந்தார்கள் என்று அவர் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

“பெரிய கட்டடம்னு ஒண்ணுகூடவா இல்ல உங்க ஊர்ல?” என்று எரிந்து விழுந்தார்.

ஏட்டு தலையைச் சொறிந்தார். ஆயா வேனிலிருந்து அவரையே பார்த்தாள்.

“ஒண்ணு இருக்கு சார். சும்மாதான் கிடக்கு. ஆனா பூட்டியிருக்கும்.”

“உடைச்சுத் தொலைங்க.”

வேன் கிளம்பியதும் ஆயா நாத்தனாரின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவள் பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். கிள்ளு கடைசி வரிசை வரை போயிற்று.

போலீஸ்காரர் கல்லால் ஓங்கிப் போட்டதும் பூட்டு தெறித்து விழுந்தது. பெண்கள் இறங்கமாட்டோம் என்று கூப்பாடு போட்டார்கள்.

“இங்க வேணாம் சார். பாம்பு கிடக்கும் சார். புள்ளகுட்டிக்காரிங்க சார் நாங்க.”

இன்ஸ்பெக்டருக்கு அது பிடித்துப்போயிற்று. “அப்பதான் புத்தி வரும். நடங்க உள்ள.”

உள்ளே கும்மிருட்டு. ஆயா நேராகப் போய்க் கடைசி ஜன்னலின் அடியில் முழங்காலால் ஓர் இடி இடித்தாள். யார் தள்ளியும் அசையாத ஜன்னல் திறந்துகொண்டது.

“உனக்கெப்படி இது தெரியும்?” வாசலில் நின்றபடியே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“எல்லா வீட்டு ஜன்னலும் இப்படித்தானே சார் மக்கர் பண்ணுது.”

ஏட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். “எல்லாரையும் விட்டாச்சு. கிளம்புங்க.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஆயா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“உன்னைத்தாம்மா. வீட்டுக்குப் போ.”

“இந்தா, முடிச்சுட்டேன் சார். காலையில பள்ளிக்கூடம் இருக்கு.”

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் உள்ளே கால் வைத்தார். சுவர் நெடுகப் பெருக்கல் வாய்ப்பாடு எழுதியிருந்தது. அவர் முகம் கறுத்தது.

“இப்ப வெளிய போகலைன்னா மொத்தப் பேரையும் மறுபடி கைது பண்ணுவேன்.”

“பண்ணுங்க சார்” என்றாள் ஆயா, குப்பையை வாரியபடி. “எங்க கொண்டுபோய் வைப்பீங்க?”

போன தடவை பிடித்துக்கொண்டு போனபோது எல்லாருக்கும் ஸ்டேஷனுக்குள்ளேயே இடம் இருந்தது. அதனால்தான் இந்தத் தடவை, வரமாட்டேன் என்றவர்களைக்கூட அவள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சியும் திட்டியும் கிளப்பிக்கொண்டு வந்தாள். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள்.

ஸ்டேஷன் கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.