வாக்கியத்தின் வால்

இன்றைக்கும் டர்போ வரவில்லை.

திறந்து கிடந்த பிக்கப்பின் பானெட் முன்னால் நின்றுகொண்டு, பாங்காக் கடை அனுப்பிய செய்தியை நிரன் படித்தான். சாமான் ஏற்றிய லாரி வழியில் பழுதாகி நிற்கிறதாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

போன வாரம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், பொட்டலம் கட்டுகிறவருக்குக் காய்ச்சல். அதற்கும் முன்னால், அளவு மாறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்ஜினுக்கு வேகம் கூட்டுகிற ஒரு டர்போவுக்கு இத்தனை கண்டமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இன்றைக்கு வெள்ளி.

புதியது வந்ததும் உடனே மாட்ட வசதியாகப் பழையதைக் கழற்றி வைத்துவிடுங்கள் என்று கடை சொன்னதை நம்பி, கழற்றியதோடு நிற்காமல் விற்றும் தொலைத்திருந்தான். பந்தயத்தை விடுங்கள், சந்தைக்கு டுரியான் பழம் ஏற்றிக்கொண்டு போகக்கூட வண்டி இப்போது லாயக்கில்லை.

வேறு யாராவது என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பான். ஆனால் கடைக்காகப் பதில் எழுதுகிறவள் ப்ளோய். அவளிடம் அவன் பருப்பு வேகாது.

எவ்வளவு திட்டி எழுதினாலும் அவள் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லை. மன்னிச்சுக்கங்க கா, மனசைக் குளிர்ச்சியா வச்சுக்கங்க கா என்பாள். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'கா'. இந்த ஊரில் பெண்கள் மரியாதையாகப் பேசினால் அப்படித்தான் முடிப்பார்கள். ஆண்கள் 'க்ராப்' என்பார்கள். அந்தக் 'கா'வைப் படித்ததும் நிரனின் கோபம் பாதி இறங்கிவிடும். அவள் அனுப்புகிற கைகூப்பிய பொம்மையில் மீதியும் போய்விடும்.

கோபம் இறங்கினால் பேச்சு வளரும். பெண்டாட்டியிடம் சொல்லாததையெல்லாம் ப்ளோயிடம் சொல்லியிருக்கிறான்.

ஆர்டர் கொடுத்த புதிதில், இந்த வாரமே அனுப்பிவிடுகிறோம் கா என்று அவள் எழுதியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில், இவ்வளவு அவசரம் ஏன் என்பதையும் அவளுக்குச் சொன்னான். வருஷா வருஷம் பந்தயத்தில் தவத் அண்ணன் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வருகிறேன், இந்த ஒரு தடவை அவர் என் பின்விளக்கைப் பார்க்க வேண்டும், யாரிடமும் சொல்லிவிடாதே என்று எழுதினான்.

தவத் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர். கூடப் பிறக்கவில்லையே தவிர, அண்ணன்தான். நிரனுக்குப் பெண் கேட்கப் போனது அவர். குழந்தை பிறந்தபோது இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தது அவர். நமக்குத் தெரிந்தவர் கடை, நம்பி வாங்கு என்று இந்தக் கடையைக் காட்டியதும் அவர்தான். நோக்கத்தை அவரிடம் மறைத்துக்கொண்டு அவரையே ஜெயிக்கப் பார்க்கிறோமே என்று நிரனுக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு இருந்தது.

கையில் இருந்த கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. ப்ளோய்.

'கோச்சுக்காத கொப், திங்கக்கிழமை கண்டிப்பா வந்துரும் க்ராப்.'

அவன் படித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தி அழிந்தது. அதன் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

'கோச்சுக்காதீங்க நிரன் சார், திங்கக்கிழமை கண்டிப்பா வந்துரும் கா.'

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை நாளும் எவனோ ஒரு மீசைக்காரன் கொஞ்சியிருக்கிறான். எல்லாக் கடைக்காரர்களும் செய்கிற வேலைதான். பெண் பேசினால் வாங்குகிறவன் வாயை மூடிக்கொள்வான் என்று கணக்கு. சிரித்த கையோடு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மீசைக்காரனிடமா இத்தனையும் கொட்டினோம்?

அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

கொப் என்றால் தவளை. சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர். சொந்த ஊரான சந்தபுரியில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாங்காக் கடைக்கு அவன் என்றைக்குமே நிரன் சார்தான்.

நானே சொல்லியிருப்பேன், என்று நினைத்துக்கொண்டான். எவ்வளவோ உளறியிருக்கிறேன், இதையும் உளறியிருப்பேன். சொல்லியிருக்க வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டான். எவ்வளவு யோசித்தும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கைப்பேசி அடித்தது. தவத் அண்ணன்.

"டேய் கொப், சாமான் வந்துச்சா? வரலன்னா விட்றா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

எப்போதும் போல வாஞ்சையான குரல். சே, இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று நிரனுக்குத் தோன்றியது. ஆனாலும் இன்ஜினில் டர்போ இருக்கவேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே, வாய் தானாகப் பொய் சொன்னது.

"வந்துருச்சுண்ணே."



எப்போ வந்தது என்று கேட்டால் போதும். பார்க்க வரட்டுமா என்றாலும் போதும். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டால்கூடப் போதும், காலமெல்லாம் அவர் காலடியில் கிடக்கலாம். நிரன் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"எப்படிடா வரும்?" என்றார் தவத் அண்ணன்.